'பார்பாயில்' என்றால் அரைவேக்காடா?

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் தென்படும், ஆனால் அன்றாடப் பேச்சில் அதிகம் வராத ஒரு சொல்லை இன்று எடுத்துக்கொள்வோம். 'பார்பாயில்' என்பது அந்தச் சொல். உருளைக்கிழங்கைப் 'பார்பாயில்' செய்யுங்கள் என்கிறது ஒரு சமையல் குறிப்பு. கடையில் வாங்கும் அரிசிப் பையிலோ 'பார்பாயில்ட் ரைஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானா? இல்லை என்பதுதான் விடை.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இதன் மூலம் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே இச்சொல்லுக்கு 'நன்றாக, முழுமையாகக் கொதிக்க வைத்தல்' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதுதான் ஒரு விபத்து நேர்ந்தது. முன்னால் நிற்கும் 'பார்' என்பதைப் 'பகுதி' என்று பொருள்படும் 'பார்ட்' என்ற சொல்லோடு மக்கள் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். முழுமையாக வேகவைப்பதைக் குறித்த சொல், பாதி வேகவைப்பதைக் குறிக்கும் சொல்லாக மாறிப்போனது. பழைய பொருள் வழக்கொழிந்தது. தவறாகப் பிறந்த பொருளே இன்று அகராதியில் அரியணை ஏறி அமர்ந்திருக்கிறது. அந்தப் 'பார்' இன்னும் சில சொற்களையும் ஈன்றிருக்கிறது. அரைகுறையாகச் சுட்டு விற்கும் ரொட்டிக்கும், பாதி பொரித்து உறைய வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கும் முன்னால் இன்று அந்தப் 'பார்'தான் நிற்கிறது.

சமையலறையில் இச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு பொருளைக் கொதிநீரில் ஓரளவு வேகவைத்து எடுத்து, மீதி வேக்காட்டை வேறு முறையில் முடிப்பதே 'பார்பாயில்'. உருளைக்கிழங்கின் ஓரம் மிருதுவாகி, நடுப்பகுதி கெட்டியாக இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு எண்ணெயிலோ அடுப்பிலோ வறுப்பார்கள். உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிப்போகாமல் இருக்க இது உதவுகிறது. நம் வீடுகளில் தம் பிரியாணிக்கு அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, பிறகு இறைச்சியோடு அடுக்கித் தம் போடுகிறோமே, அதுவும் இதுதான். ஆகவே இதை 'அரைவேக்காடு' என்று மொழிபெயர்க்காதீர்கள். அரைவேக்காடு என்பது நம்மிடையே ஒரு குறை, ஒரு வசைச்சொல். 'முக்கால் பதம்', 'அரைப்பதம்' என்பவையே இங்கே பொருந்தும். பதம் என்பது சமைப்பவர் வேண்டுமென்றே நிறுத்தும் இடம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'பிளாஞ்ச்'. அது காய்கறியைக் கொதிநீரில் சிறிது நேரம் மட்டும் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது. நிறம் மங்காமல் இருக்கவும், தோலைச் சுலபமாக உரிக்கவும் அப்படிச் செய்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோழியையோ மற்ற இறைச்சியையோ பாதி வேகவைத்தால், தாமதிக்காமல் உடனே முழுமையாகச் சமைத்து முடித்துவிடுங்கள். காலையில் பாதி வேகவைத்து மூடி வைத்துவிட்டு, மாலையில் வந்து சுட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். பாதிச் சூட்டில் சாகாத கிருமிகள், இடைப்பட்ட நேரத்தில் பெருகிவிடும்.

சரி, அரிசிப் பைக்கு வருவோம். 'பார்பாயில்ட் ரைஸ்' என்பது நமக்கு நன்கு பழகிய புழுங்கல் அரிசிதான். பாதி வெந்த அரிசி என்று நினைத்துச் சீக்கிரம் இறக்கிவிட்டால் சோறு விதை விதையாக நிற்கும். உண்மையில் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஏனென்றால் வெந்தது அரிசியல்ல, நெல். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அதன் பிறகே உமி நீக்குகிறார்கள். அவிக்கும்போது உள்ளே இருக்கும் மாவுப்பொருள் இளகி, உலரும்போது இறுகுகிறது. அதனால் அரைக்கும்போது குருணை குறைகிறது.

இங்கே நம் தமிழ்ச் சொல்லின் அழகைப் பாருங்கள். 'புழுங்கல்' என்பதில் பாதி, முக்கால் என்ற பேச்சே இல்லை. மழைக்கு முன் காற்றில்லாத வேளையில் 'ஒரே புழுக்கமாக இருக்கிறது' என்கிறோமே, அதே சொல்தான். மூடிய ஈரச் சூட்டில் நெல் புழுங்குகிறது. ஆங்கிலச் சொல் எவ்வளவு வெந்தது என்பதைச் சொல்கிறது. தமிழ்ச் சொல் எப்படி வெந்தது என்பதைச் சொல்கிறது.

அந்தப் 'எப்படி' என்பதில் மனித உயிர்கள் அடங்கியிருந்தன என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் மலாயாவும் ஒன்று. 1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்கே பெரிபெரி நோய் பலரைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடையே நோய் பரவலாக இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடையே அது அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து, குற்றவாளி அரிசியே என்றார். ஆனால் அரிசியில் உண்டாகும் ஏதோ நஞ்சுதான் காரணம் என்று அவர் கருதினார்.

1905ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்து, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்காரர்களை மற்றொரு பிரிவாகவும் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு, மற்றதற்குப் புழுங்கல் அரிசிச் சோறு. பச்சரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. இன்றைய மருத்துவ நெறி இத்தகைய சோதனையை அனுமதிக்காது. பெயர் தெரியாத அந்த 18 பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலைப் பணி செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்தார்கள். 1909ல் வெளியான அவர்களின் முடிவும் அரிசியையே சுட்டியது. அரிசியில் நஞ்சு எதுவும் சேரவில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ நல்லது போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று. 1912ல் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் சூட்டினார். 1926ல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜாகர்த்தாவில், தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். தயாமின் என்னும் வைட்டமின் பி1 அதுதான். நெல்லை அவிக்கும்போது இச்சத்தில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் அவ்வளவாகப் போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. அந்தக் கால மருத்துவ அறிக்கைகளில் புழுங்கல் அரிசியைக் 'கியூர்ட் ரைஸ்' என்று எழுதினார்கள். 'கியூர்' என்றால் நோய் தீர்த்தல் என்றே நாம் அறிவோம். அங்கே அதன் பொருள், கருவாட்டைப்போலப் பதப்படுத்துதல். ஆனாலும் அந்த அரிசி நோயைத் தடுத்தது.

இன்று பலவகை உணவு உண்பதால் பெரிபெரி அரிதாகிவிட்டது. எனவே பச்சரிசி உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அரிசியைப் பல தடவை அலசுவதையும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதையும் குறைத்துக்கொள்வது நல்லது. நீரில் கரையும் சத்து நீரோடு போய்விடும்.

இனி 'பார்பாயில்' என்ற சொல்லைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள். இது நம்மைச் செய்யச் சொல்கிறதா, அல்லது ஏற்கெனவே செய்துவிட்டதைச் சொல்கிறதா? சமையல் குறிப்பில் வந்தால் அடுப்படியில் நீங்கள் பதம் பார்க்க வேண்டும். அரிசிப் பையில் வந்தால், ஆலையிலேயே நெல்லைப் புழுக்கிவிட்டார்கள். நீங்கள் தாராளமாகத் தண்ணீர் வைத்து, பொறுமையாக வேகவிடுங்கள்.