தராசுமுள் அசையாத காலம்

கல்லூரியின் ஆண்டுவிழா வருங்காலத்துப் பழைய மாணவர் ஒன்றுகூடுதலும், மண்டபச் சுவரில் தொங்கும் உதைபந்தாட்டக் குழுப் படங்களின் முன் நின்று தம்மைத் தாமே தேடிக் காணுதலும் வழக்கமாகும். தேடிக் கண்டவர் முதலில் நகைப்பர். பின்னர் இடுப்பைத் தடவிப் பார்த்துப் பெருமூச்செறிவர். அவருட் சிலர் வைத்தியர் சொற்கேட்டு நிறை குறைக்க முயல்பவராகவும் இருப்பர். முதற் சில வாரங்களில் நிறை விரைந்து குறைகின்றது. நான்கைந்து திங்களின் பின் தராசுமுள் நின்றுவிடுகின்றது. உண்பது அதே அளவு, நடப்பது அதே தூரம் என அவர் எண்ணுகின்றார், முள்ளோ அசைகின்றிலது. ஈண்டே பலர் மனந்தளர்ந்து முயற்சியைக் கைவிடுகின்றனர். அங்ஙனம் கைவிடுதல் எத்துணைப் பெரிய இழப்பு என்பதையும், முள் நிற்பதற்குக் காரணம் யாது என்பதையும், அந்நிலையைக் கடக்கும் வழியையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இவ்விடயத்தை அம்பாறைக் கரையோர ஊர்களை முன்வைத்து விளக்க எண்ணினோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்களில் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே அரிசியையும் ஒரே மீனையும் ஒரே தேங்காயையும் உண்டு வாழ்கின்றனர். முன்னாளில் இவ்வூணவைச் செரிப்பதற்குத் தக்க உழைப்பும் இங்கே இருந்தது. ஆடவர் சேற்றில் உழுதனர், கரைவலை இழுத்தனர். மருதமுனையில் நெசவாளர் நாள் முழுதும் தறியின் மிதியை மிதித்தனர். பெண்டிர் உலக்கை பிடித்து நெற்குற்றினர். இன்றோ உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அரிசி ஆலையும் மோட்டார் சைக்கிளும் அவ்வுழைப்பை ஏற்றுக்கொண்டன. சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் மாறவில்லை.

இதன் விளைவு நாடு முழுவதிலும் தெரிகின்றது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஐவருள் ஒருவர்க்கு நீரிழிவு அல்லது அதன் முன்னிலை உண்டெனக் கண்டது. நம் போன்ற ஆசிய மக்கள் குறைந்த நிறையிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆதலின் உடற்றிணிவுச் சுட்டி 23ஐ எட்டும்போதே நாம் எச்சரிக்கை கொள்ளவேண்டுமென 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அறிவுறுத்தியது. ஆகவே நிறை குறைத்தல் அழகுக்கான முயற்சி அன்று; கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காக்கும் முயற்சி எனக் கொள்க.

இனித் தேகத்தின் கணக்கைப் பார்ப்போம். முதல் வாரங்களில் விரைந்து குறைவது பெரும்பாலும் கொழுப்பு அன்று. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருட் சேமிப்பு உண்டு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னொடு பிணித்து வைத்திருக்கும். உணவு குறைந்ததும் இச்சேமிப்புக் கரைய, நீரும் உடன் வெளியேறுகின்றது. தராசு காட்டும் அந்த மகிழ்ச்சியிற் பெரும்பங்கு நீரின் நிறையேயாம். பின்னர்க் கொழுப்புக் கரையும்போது வேகம் மந்தமாதல் இயல்பு.

1958ஆம் ஆண்டில் விஷ்னோவ்ஸ்கி என்னும் அமெரிக்க வைத்தியர் ஓர் எளிய கணக்கை வெளியிட்டார். ஓர் இறாத்தல் நிறைக்கு 3500 கலோரி என்பது அது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஓர் இறாத்தல் குறையும் என்று உலகம் அதனைப் பிடித்துக்கொண்டது. அங்ஙனமாயின் சில ஆண்டுகளில் மனிதன் முற்றும் மறைந்துபோக வேண்டுமன்றோ? கணக்கின் குறை இதுவே: நிறை குறையக் குறையத் தேகத்தின் செலவும் குறைகின்றது என்பதை அது கொள்ளவில்லை. சிறிய விளக்குக்குச் சிறிதளவு எண்ணெயே வேண்டும்.

இவ்வுண்மையை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். 36 தொண்டர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து தம் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கை இழந்தனர். அவர்கள் ஓய்ந்திருக்கும்போது தேகம் செலவிட்ட சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. 1995இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தார், பத்து சதவீத நிறையை இழந்தவர்களின் தேகம் அவ்வளவு சிறிய தேகத்துக்கு வேண்டியதினும் குறைவாகவே செலவிடுகின்றது என்று காட்டினர். பஞ்ச காலத்துக்கு அஞ்சிய முன்னோரின் சிக்கனம் இன்னும் நம் உடம்பை ஆள்கின்றது.

ஆயினும் செலவு குறைதல் ஒன்றே முள்ளை நிறுத்திவிடாது. அதனினும் வலியது பசி. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் நீரிழிவு மருந்தை உண்டோர், தம் உடம்பிலிருந்து சக்தி கழிவதை அறியாமலே நிறை குறைந்தனர். அவர்களை ஓராண்டு கணித்தபோது, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவு பசி கூடியது தெரிந்தது. செலவு குறைந்ததோ கிலோவுக்கு 20 முதல் 30 கலோரியே. 2011இல் மெல்பேணில் நடந்த ஆய்வும், நிறை குறைந்தோரிடத்துப் பசியைத் தூண்டும் ஓமோன்களின் மாற்றம் ஓராண்டின் பின்னும் நீங்கவில்லையெனக் கண்டது.

ஓர் உதாரணம் கூறுவாம். 90 கிலோ நிறையுடைய ஒருவர் நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்ணத் தொடங்குகின்றார் என்க. ஒன்பது கிலோ இழந்தபோது அவர் தேகத்தின் செலவு ஏறக்குறைய 225 கலோரி குறைந்துவிட்டது. எஞ்சிய பற்றாக்குறை 275 கலோரியே. இதனை அழித்தற்கு வேண்டுவது யாது? 150 கிராம் சோற்றில் 195 கலோரி உண்டு. மட்டமாக அள்ளிய நான்கு தேக்கரண்டிச் சீனியில் 64 உண்டு. இவ்விரண்டுமே கிட்டத்தட்டப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஓர் அகப்பைச் சோறும் இரண்டு கோப்பைத் தேநீரும் பசியின் தூண்டுதலால் அறியாமற் புகுந்துவிட, தராசு நின்றுவிடுகின்றது.

இதனைக் கேட்போர், “நாம் பொய்யா உரைக்கின்றோம்?” எனச் சினத்தல் கூடும். பொய் அன்று, அளவிடும் அருமையே காரணம். 1992இல் நியூயோர்க்கில், எவ்வளவு குறைத்து உண்டும் நிறை குறையவில்லை என்ற பத்துப் பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் எழுதி வைத்ததினும் ஏறக்குறைய இருமடங்கு உண்டிருந்தமை தெரிந்தது. அவர்களின் அநுசேபத்திற் குறையொன்றும் இருக்கவில்லை. நம் கரையோரத்தில் அளவிடுதல் இன்னும் கடினம். கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் ஐவர் அறுவர் ஒரு சஹனைச் சூழ்ந்திருந்து ஒக்க உண்ணும்போது தம் பங்கு இவ்வளவென யார் அறிவார்? கோயில் அன்னதானத்தில் இலையில் விழும் சோற்றை யார் நிறுப்பார்? வீட்டுக்கு வந்தவர்க்குத் தேநீர் கொடாதிருத்தலும், கொடுத்ததை மறுத்தலும் இரு சமூகத்தார்க்கும் பழக்கமில்லை. நாளொன்றுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்குக் குவித்த இரண்டு கரண்டி எனின், சீனியால் மட்டும் 200 கலோரிக்கு மேற் சேர்ந்துவிடும்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொற் கூறுதல் வேண்டும். றமழான் நோன்பும், கந்தசஷ்டி போன்ற விரதங்களும் வழிபாடுகள். நிறை குறைக்கும் உபாயங்கள் அல்ல. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி நோன்பு மாதத்தில் சராசரி ஒன்று, ஒன்றரைக் கிலோ குறைந்து, பெருநாளின் பின் சில வாரங்களில் அது பெரும்பாலும் திரும்பிவிடுகின்றது. நோன்பு திறக்கையில் கஞ்சியோடும் பேரீச்சம்பழத்தோடும் நில்லாது பொரித்த பண்டங்களும் சர்பத்தும் சேரின் குறைதலும் இல்லை. இன்சுலினோ, சீனியைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர், முள் அசையவில்லையென்று தாமாகப் பட்டினியைக் கூட்டுவாராயின் இரத்தச் சீனி அபாயமான அளவுக்கு வீழ்ந்து மயக்கம் நேரலாம். அத்தகையோர் நோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் மருந்தின் அளவைக் கேட்டு அமைத்துக்கொள்ளல் கடமையாகும்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? முதலில், தேக்கம் உண்மையானதா என அறிக. உப்பு மிகுந்த கருவாட்டுக்கறி ஒரு நாளைக்கும், மாதவிடாய் சில நாளைக்கும் உடம்பில் நீரைத் தேக்கும். ஆகவே ஒருநாள் நிறையை நம்பாது, காலையில் ஒரே வேளையில் நிறுத்து, வாரச் சராசரியை எழுதுக. நான்கு வாரம் சராசரி மாறாதிருப்பின் அதுவே தேக்கம். இடுப்பையும் அளந்து பார்க்க. ஆடவர்க்கு 90 சதமமீற்றரும் பெண்டிர்க்கு 80 சதமமீற்றரும் எல்லை. நிறை நின்றும் இடுப்புக் குறையுமாயின் முயற்சி பயனளிக்கின்றது.

இரண்டாவதாக, ஒரு வாரம் மட்டும் வாயிற் புகுவது அனைத்தையும் எழுதுக. சோற்றை ஒரே கோப்பையால் அளந்து போடுக. எங்கே பெருகிற்று என்பதை ஏடு காட்டிவிடும். குறைக்க எளியது தேநீர்ச் சீனி. அடுத்தது சோறு, பிட்டு, இடியப்பம் ஆகியவற்றின் அளவு. அவை குறைந்த இடத்தை மீனும் பருப்பும் கீரையும் நிரப்புக. புரதமும் நாரும் பசியை அடக்குவதில் மாப்பொருளினும் வல்லவை. நம் கடலும் தோட்டமும் அவற்றைத் தருகின்றன. தேங்காய்ப்பாலை முற்றும் விலக்க வேண்டியதில்லை. கெட்டிப்பால் விடும் கறி நாளுக்கு ஒன்றாகட்டும்.

மூன்றாவதாக, நடையின் பயனை மிகுத்தும் குறைத்தும் எண்ணாதீர். ஒரு கிலோமீற்றர் நடைக்கு ஏறக்குறைய 50 கலோரியே செலவாகும். கோப்பையை விட்டுக் காலை மட்டும் நம்பினால் முள் அசையாது. ஆயினும் குறைந்த நிறை மீண்டும் ஏறாமற் காப்பதில் நாள்தோறும் நடத்தலே பெருந்துணை. பாரந் தூக்குதல், எழுந்து அமர்தல் போன்ற தசைக்குரிய அப்பியாசமும் வாரத்தில் இருமுறை வேண்டும். நிறையொடு தசையும் கரைந்துபோகாது அது தடுக்கும். ஆடவர் கடற்கரை மணலில் நடப்பர். பெண்டிர்க்கோ அதற்கு இடமும் வேளையும் அரிது. உம்மாமாரும் அம்மாமாரும் கூட்டமாக நடத்தற்குப் பாடசாலை மைதானங்களை விடியலில் ஒரு மணிநேரம் திறந்துவைத்தல் பெரிய தருமமாகும். இதனைப் பழைய மாணவர் சங்கங்கள் செய்விக்கலாம்.

நான்காவதாக, உறக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதை மறவாதீர். ஐந்தாவதாக, காரணம் காணாத தேக்கத்தை வைத்தியரிடம் காட்டுக. தைரொயிட்டுச் சுரப்பியின் குறையும், இன்சுலின், ஸ்டீரொயிட்டு முதலிய மருந்துகளும் நிறையைப் பிடித்து நிறுத்தலாம். பசியை அடக்கும் புதிய ஊசிமருந்துகளிலும் நிறை ஓரிடத்தில் நிற்கத்தான் செய்யும். செமகுளூட்டைட் என்னும் மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரு பங்கைத் திரும்பப் பெற்றனர் என 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. முள் நின்ற இடம் தோல்வியின் இடம் அன்று. 2002இல் வெளியான அமெரிக்கப் பேராய்வில், ஏழு சதவீத நிறையைக் குறைத்தலும் வாரம் 150 நிமிடம் நடத்தலும் இலக்காகக் கொண்டோரிடத்து, நீரிழிவு புதிதாகத் தோன்றுதல் 58 சதவீதம் குறைந்தது. 90 கிலோவினர்க்கு ஏழு சதவீதமாவது ஆறேகாற் கிலோ. பலர் மனந்தளர்ந்து நிற்கும் இடமே அது. அதனினும் வியப்பானது சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. நீரிழிவின் முன்னிலையிலிருந்த 531 பேரை மூன்றாண்டளவு பின்தொடர்ந்தனர். அறிவுரை பெறாதோரில் 55 சதவீதத்தினர் நோயாளராயினர். உணவையும் நடையையும் திருத்தியோரில் 39 சதவீதத்தினரே அங்ஙனமாயினர். ஆனால் திருத்தியோரின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. தராசு காணாத நன்மையைக் குருதி கண்டது.

ஆதலின் முள் நின்றபோது இரு வழிகள் உள. உடலும் மனமும் களைத்திருப்பின் அந்நிறையையே சில திங்கள் ஏறவிடாது காத்துப் பின்னர்த் தொடரலாம். வலு இருப்பின் ஏட்டைப் பார்த்து ஓர் அகப்பையைக் குறைத்து ஒரு கிலோமீற்றரைக் கூட்டலாம். மூன்றாவது வழியாகிய கைவிடுதலை மட்டும் கொள்ளாதிருப்போமாக. அடுத்த விழாவிற் பழைய படங்களின் முன் நாம் எல்லோரும் ஒருவர் குறையாது நின்று நகைத்தற்கு அதுவே வழியாகும்.