உங்கள் கொதிநிலை எத்தனை டிகிரி?

ஜப்பானிய ஆபீஸில் ஒருவரைக் காட்டி, 'அவருக்கு ஃபுத்தென் கம்மி' என்று யாராவது காதோரம் கிசுகிசுத்தால், எட்டி நிற்பது நல்லது!

ஃபுத்தென் என்பது பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி வார்த்தை. இரண்டே எழுத்து. ஒன்றுக்குக் கொதித்தல், மற்றதற்குப் புள்ளி என்று அர்த்தம். சாட்சாத் கொதிநிலைதான். பேச்சு வழக்கில் மனுஷனின் கொதிநிலை. அது கம்மியென்றால், தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுகிற பார்ட்டி. இந்த ரகத்துக்கு 'ஷுன்கான் யுவகாஷிகி' என்று பட்டப்பெயரே உண்டு. திறந்த மாத்திரத்தில் வெந்நீர் கொட்டும் கீஸர்! சிரிப்புக்கும் இதே கணக்குதான். சப்பை ஜோக்குக்கும் விழுந்து விழுந்து சிரிப்பவருக்குச் 'சிரிப்பின் கொதிநிலை கம்மி.'

இனி கொஞ்சம் பௌதிகம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 3,776 மீட்டர் உயர ஃபுஜி மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே சுமார் 88 டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். ஆனால் அரிசி சரியாக வேகாது. உயரே போகப் போகக் கொதிப்பு சீக்கிரம், வேகிறது கம்மி. புதிதாக மானேஜர் ஆனவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

கீழே இருப்பவர் கதை நேர் எதிர். அவர் பிரஷர் குக்கர். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். உள்ளே 120 டிகிரி வரை போனாலும் தண்ணீர் பொங்காது. 'தங்கமான மனுஷன், கோபமே வராது' என்கிறோம். அவர் ஒன்றும் ஜில்லென்று இல்லை சார். மூடி இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுகிறார். குழந்தை ஓடி வந்து எதையோ கேட்கிறது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் 120 டிகிரி தண்ணீர் என்ன செய்யும்? அந்தக் கணமே பொங்கும். அடுப்பு மூட்டியது ஆபீஸ். ஆவி பட்டது குழந்தைக்கு.

ஜப்பான்காரர்கள் இதற்கு ஒரு விசில் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து ஆபீஸ் கோஷ்டியாகக் குடிக்கப் போகும் 'நோமிகாய்'. அங்கே சில சமயம் மேலதிகாரியே 'இன்று புரேய்கோ' என்று அறிவிப்பார். பெரியவர் சின்னவர் பார்க்காமல் பேசலாம் என்று அர்த்தம். அதை அப்படியே நம்பி மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறவர், மறுநாள் காலை மாட்டிக்கொள்வார் என்பது வேறு கதை!

அந்த விசில் இல்லாதவர்களுக்கு ஒரே வழிதான். அடுப்பை அணைத்த கையோடு யாராவது குக்கரைத் திறக்கிறார்களா? ஆவி அடங்கும்வரை பேசாமல் காத்திருக்கிறோம். வீட்டு வாசலிலும் அதே பத்து நிமிஷம் நின்றால் போதும்.