சத்தத்தைக் கூட்டினால் பாட்டு புரியுமா?

போன கோடையில் அருப்புக்கோட்டையில் உள்ள என் வைத்தியசாலைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. இருபது வருடமாக விசைத்தறிக் கூடத்தில் வேலை. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகள் படிப்புக்காக டவுனில் வாடகை வீடு பிடித்து வந்தவர்கள்.

“காதுக்குள்ள ஙொய்யின்னு இரையுதுய்யா. பாட்டுல வார்த்தையே பிடிபட மாட்டேங்குது” என்றார் அவர்.

“அதுக்காக அந்த ஸ்பீக்கர அலற விடுறாக. மாடியில இருக்கிற வீட்டுக்காரவுக கதவத் தட்டுறாக. காதுக்கு ஏதாச்சும் எண்ணெய் குடுங்கய்யா” என்றார் மனைவி.

நான் எண்ணெய் கொடுக்கவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. அதோடு, தறிச் சத்தத்தில் அழிந்துபோன உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் எந்தத் தைலத்துக்கும் மறுபடி முளைக்காது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நானே இதைச் சொல்கிறேன்! அரசு மருத்துவமனையில் கேட்கும் திறன் சோதனைக்கு அனுப்பினேன். உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் குறைந்திருந்தன. எளிமையாகச் சொன்னால், உயிரெழுத்து கேட்கிறது. ‘ச’, ‘த’, ‘ட’ போன்ற மெய்யொலிகள் தப்பிப் போகின்றன. அதனால்தான் ராகம் வருகிறது, வார்த்தை வரவில்லை.

ஆனால் அவர் போகிற போக்கில் சொன்ன ஒன்று என்னை உறுத்தியது. “ஊர்ல சின்ன டேப்ரிக்கார்டர்லயே தெளிவாக் கேட்டுச்சேய்யா!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். பத்துக்குப் பதினாலு ஹால். தரையில் டைல்ஸ், வழவழவென்று பெயின்ட் அடித்த சுவர், தலைக்கு மேல் கான்கிரீட். நாலு பிளாஸ்டிக் நாற்காலி தவிர வேறு சாமான் இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே மூலையில், பீரோவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, ‘டிங்’கென்று நீண்டு அடங்கியது.

ஊரில் இருந்த மண்சுவர் வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகப் பாதிச் சத்தம் வெளியேறிவிடும். மீதியைப் பஞ்சு மூட்டையும் நார்க்கட்டிலும் விழுங்கிவிடும். இங்கே விழுங்க ஆளில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ல் இதே தொல்லை வந்தது. புது விரிவுரை மண்டபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அது அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆகுமாம். பேசுவது யாருக்குப் புரியும்? வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்பிப் பரப்பி அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது.

விஷயம் இவ்வளவுதான்: சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும். தெளிவு கூடாது. காதுக்குத்தான் அடி.

ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கினோம். இரண்டு ஸ்டூலில், உட்காருபவரின் காது உயரத்துக்கு வைத்தோம். மூலையில் வைத்தால் ‘தும் தும்’ என்று அடித்தொனி வீங்கி வார்த்தையை மூடிவிடும். எனவே சுவரிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, இரண்டுக்கும் நடுவே ஆறு அடி விட்டு வைத்தோம். நாற்காலியும் இரண்டிலிருந்தும் ஆறு அடி. கிட்டே உட்கார்ந்தால் குறைந்த சத்தமே போதும்.

அடுத்து கண்ணாடி வித்தை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மகள் பக்கச் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனாள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, சத்தம் அங்கேதான் பட்டுத் திரும்புகிறது. அந்த இடத்தை மறைக்க வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியுமா? துணி காயப்போடும் ஸ்டாண்டில் தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தினோம். எதிர்ப்பக்கச் சுவருக்கும் அப்படியே. மூலையில் சுருட்டிய இலவம்பஞ்சு மெத்தை. தரையில் கோரைப்பாய்க்குப் பதில் கனத்த விரிப்பு. (தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டச் சொல்வார்கள். காசும் தூசும்தான் மிச்சம்!) ஸ்டூல் காலடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்ததில், தரை வழியே போகும் அதிர்வு கொஞ்சம் அடங்கியது.

காதுக்குக் கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் வரை. 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணிதான். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லையைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். பகலெல்லாம் தறியில் இந்தக் கணக்கைச் செலவழித்தவருக்கு இரவில் வீட்டில் செலவழிக்க மிச்சம் ஏது? தறிக்குப் போகும்போது மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

உங்களில் யாருக்காவது ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, திடீரென்று காது கேட்காமல் போனாலோ, ஸ்பீக்கரை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. “ஆனா ஏழுல வச்சிருந்த சத்தம் இப்ப மூணுல நிக்குதுய்யா” என்றார் அவர். மனைவி சிரித்தார்: “ஜமுக்காளத்ததான் ராத்திரி படுக்க எடுக்க விட மாட்டேங்கிறாக.”