‘ஐசி வந்துடுச்சா?’ - பிசிஆர் லேபுக்குள் ஒரு மதியம்

வாங்க, செருப்பை வாசலிலேயே விட்டுடுங்க! பொதுஜனம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத ஓர் இடத்துக்குள் நுழைய நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பிசிஆர் லேப். கொரோனா, இன்ஃப்ளூயன்சா, ஆர்எஸ்வி என்று சந்தேகப்பட்டு மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் ஸ்வாப்கள் வந்து சேரும் இடம்.

முதலில், வினைக்கான ரசாயனங்களைக் கலக்கும் மாஸ்டர் மிக்ஸ் அறை. இதற்கென்றே தனிக் கோட்டு, தனிக் கையுறை. “மெஷின் ரூமுக்குப் போயிட்டு வந்தீங்களா சார்?” வாசலிலேயே விசாரணை. இங்கே எல்லாம் ஒருவழிப்பாதை. மெஷின் அறைக்குப் போன பேனாகூட இங்கே திரும்பி வரக்கூடாது. பிசிஆர் ஒவ்வொரு சுற்றிலும் மரபணுத் துணுக்கை இரட்டிப்பாக்குகிறது. ஒன்று, 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும். அதில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்துவிட்டால், நோயே இல்லாதவருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் போய்விடும்!

அடுத்த அறையில் மேஜை முழுக்கப் பிளாஸ்டிக் டிப் பெட்டிகள், பாதி கிழிந்த ஸ்டிக்கர்கள், இளஞ்சிவப்புத் திரவத்தில் ஊறும் ஸ்வாப்கள். கேபினெட் கண்ணாடியில் மார்க்கரில் எழுதியிருக்கிறது: ‘பேசாதீங்க, எண்ணிட்டு இருக்கேன்.’ மொத்தம் 96 குழிகள். ஒரு குழி தள்ளிப் போனால் ஒருவர் ரிசல்ட் இன்னொருவருக்கு. கவச உடையைக் கழற்றிவிட்டு வந்த டெக்னீஷியனின் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருக்கிறது.

ஒரு குழியில் நோயாளியின் மாதிரி கிடையாது, வெறும் சுத்தத் தண்ணீர். அதற்கு ஏன் இவ்வளவு கவனம் என்றேன். “இவர்தான் சார் இங்கே பெரிய மனுஷன். இவர் வாயைத் திறந்தா எல்லாருக்கும் மறுபடி முதல்லேர்ந்து!” என்று சிரித்தார் டெக்னீஷியன். விளையாட்டில்லை. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அனுப்பிய கொரோனா கிட் பல லேப்களில் இடறியது இங்கேதான்: வைரஸே இல்லாத குழியிலும் மெஷின் திரையில் பாசிட்டிவ் கோடு ஏறியது.

இன்னொரு குழியில் நிச்சயமான பாசிட்டிவ். எத்தனையாவது சுற்றில் அதன் கோடு எழுகிறது என்று காட்டும் சிடி எண்ணைத் தினமும் சுவர் வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறார்கள். புள்ளி நகர ஆரம்பித்தால், ரீஏஜென்ட் தொடங்கி மெஷின் வரை எல்லாவற்றின்மீதும் சந்தேகம்.

இப்போது மெஷின் அறை. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற மாதிரி எல்லோரும் திரையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். வெளியே டீ ஆறிக்கொண்டிருக்கிறது. “ஐசி வந்துடுச்சா?” அதுதான் முதல் கேள்வி. ஐசி என்பது இன்டர்னல் கன்ட்ரோல். நோயாளியின் ஒவ்வொரு குழியிலும் உட்கார்ந்திருக்கும் சாட்சி. பல கிட்களில் அது ஆர்என்ஏஸ் பி என்ற மனித மரபணு. ஸ்வாப் சரியாக எடுக்கப்பட்டிருந்தால் நம் செல்களும் கூடவே வரும், அதன் கோடு ஏறும். வைரஸ் கோடு படுத்து, இந்தக் கோடு எழுந்தால்தான் ‘நெகட்டிவ்’. சில கிட்களில் எம்எஸ்2 என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். அது லேப் வேலை சரியா என்று சொல்லும், மூக்கைச் சரியாகத் தொட்டார்களா என்று சொல்லாது.

கோடுகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. நோயாளிகளின் குழிகளில் ஒரே ஒன்றில் மட்டும் இரண்டு கோடுமே தரையோடு தரையாக! ஸ்வாப் சரியாக எடுபடவில்லையா, சளியோ ரத்தமோ வினையைத் தடுத்துவிட்டதா? “இன்வேலிட். ரிப்பீட் போடும்மா” என்கிறார் டாக்டர். அப்போதுதான் முகம் கழுவி வந்த அந்த டெக்னீஷியன், “சரி மேடம்” என்று மறுபடி கவச உடையை எடுக்கிறார். அந்தக் குழிக்குரியவரை அவர் பார்த்ததே இல்லை.

ரிப்பீட் போடாமல் நெகட்டிவ் என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நோயாளி அதை நம்பி வீட்டுக்குப் போய்ப் பாட்டி பக்கத்தில் உட்காருவார். அதனால், அடுத்த முறை ரிப்போர்ட் தாமதமானால் கவுன்ட்டரில் சத்தம் போடாதீர்கள். ‘ரிப்பீட் போட்டிருக்காங்களா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால், உள்ளே ஒருவர் உங்களுக்காக மறுபடி வியர்த்துக்கொண்டிருக்கிறார்.