எட்டு போடணுமா? முதல்ல விரல் எட்டணும்!

ஒரு சின்ன டெஸ்ட். வீட்டு வாசல்ல நிக்கிற பைக்கை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஏறி உட்காருங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேணாம். இடது உள்ளங்கை க்ரிப்பை விட்டு எழும்பாம, நாலு விரலையும் நீட்டி க்ளட்ச் லீவரைத் தொடுங்க. விரலோட நடு மடிப்புக்கும் நுனி மடிப்புக்கும் இடையில லீவர் வந்து பாந்தமா உட்காருதா? இல்லை, நகம் மட்டும் போய் உரசிட்டுத் திரும்புதா?

நகம்தான் உரசுதுன்னா, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வீட்டுல அப்பாவோட கியர் பைக் சும்மா நிக்கும். ஆனா காலையில காலேஜுக்கு பஸ்ல தொங்கிட்டுப் போவோம். கேட்டா, "உன் கைக்கு அதெல்லாம் வராது. கியர் இல்லாத வண்டி வாங்கினா பார்த்துக்கலாம்"னு ஒரு பதில். பெண்களுக்கு மட்டும் கிடைக்கிற பதில் இல்லை இது. ஒல்லியா, குட்டையா இருக்கற பசங்களும் இதே டயலாக்கைக் கேட்டு நொந்து போனவங்கதான்.

உண்மை என்ன தெரியுமா? உங்க கையில ஒரு தப்பும் இல்லை. லீவர்தான் உங்களுக்குத் தள்ளி நிக்குது!

யாரு கைக்கு செஞ்சது?

சராசரியா பார்த்தா ஆண்களோட கையைவிட பெண்களோட கை ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் குறைவு. கேட்க சின்ன விஷயம். ஆனா க்ரிப்புக்கும் லீவருக்கும் நடுவுல அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் 'எட்டுது', 'எட்டலை'ங்கற வித்தியாசத்தையே முடிவு பண்ணுது. இந்தியர்களோட உடம்பு அளவுகளை வடிவமைப்பாளர்களுக்காகத் தொகுத்து, அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் 1997-லயே ஒரு புத்தகம் போட்டுடுச்சு. அளவு தெரியாம இல்லை. ஆனாலும் நம்ம ஊர்ல ஓடுற சாதாரண கம்யூட்டர் பைக்குகள்ல பெரும்பாலும் லீவர் தூரத்தை மாத்த ஒரு திருகுகூட வைக்கறது இல்லை.

தமிழ்நாட்டுல 2018 பிப்ரவரியில ஆரம்பிச்ச அம்மா இருசக்கர வாகனத் திட்டம் ஞாபகம் இருக்கா? வேலைக்குப் போற பெண்களுக்கு வண்டி விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனா அதுவும் கியர் இல்லாத, இல்லைன்னா ஆட்டோ கியர் வண்டிகளுக்குத்தான். பொண்ணுன்னா ஸ்கூட்டர்ங்கற கணக்கு எல்லார் மனசுலயும் அப்படி ஊறிக் கிடக்கு.

அதே நாட்டுல பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையை மகளிர் பிரிவுல ஜெயிச்சாங்க. சென்னை அலிஷா அப்துல்லா டிராக்ல பசங்களோட போட்டி போட்டவங்க. ரேஸ் பைக்ல லீவரை ஓட்டுறவங்க விரலுக்குத் தகுந்த மாதிரி நகர்த்தி வைக்கறது சர்வ சாதாரணமான வேலை. அந்த வேலையை நம்ம வீட்டு பைக்குக்குச் செய்யக் கூடாதா என்ன?

எட்டலைன்னா என்ன ஆகும்?

வண்டி சும்மா ஆஃப் ஆகும், அவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க. ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு சாதாரண ரோடு இல்லை. மதுரை, திருமங்கலத்துல இருந்து தென்காசி, செங்கோட்டை வழியா கொல்லம் வரைக்கும் போற நேஷனல் ஹைவே. கேரளா லாரி, ஸ்பீடா வர்ற பஸ், திடீர்னு குறுக்கே வர்ற ஆடு... எல்லாம் உண்டு.

60 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 16.7 மீட்டர் ஓடுது. ஃப்ரன்ட் பிரேக் லீவரைத் தேடிப் பிடிக்க உங்க விரல் அரை செகண்ட் அதிகமா எடுத்துக்கிட்டா, வண்டி எட்டு மீட்டர் தாண்டிப் போயிருக்கும். ஒரு மினி பஸ்ஸோட நீளம்! இன்னொரு ஆபத்தும் இருக்கு. எட்டாத பிரேக்கை எட்டிப் பிடிச்சு இழுக்கும்போது, தெரியாமலே ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து முறுக்கிட வாய்ப்பு உண்டு. நிறுத்த வேண்டிய நேரத்துல வண்டி பாயும்.

ஸ்பேனர் எடுங்க... ஸ்டெப் பை ஸ்டெப்!

1. தடிமனைக் குறைங்க. கடைக்காரர் அன்பா மாட்டிவிட்ட ஸ்பாஞ்ச் க்ரிப் கவரை முதல்ல கழட்டுங்க. க்ரிப் குண்டா இருந்தா விரலோட பாதி நீளம் அதைச் சுத்தவே செலவாகிடும். மெத்தை மாதிரி இருக்கற கிளவுஸும் இதே வேலையைத்தான் பண்ணும். ஒல்லியான ரப்பர் க்ரிப், கைக்குச் சரியான கிளவுஸ் போதும். ஒரு பைசா செலவில்லாம சில மில்லிமீட்டர் லாபம்!

2. லீவரோட சாய்வைப் பாருங்க. பைக் மேல நார்மலா உட்கார்ந்து விரலை நீட்டினா முன்கை, மணிக்கட்டு, விரல் மூணும் ஒரே நேர்கோட்டுல வரணும். லீவர் ரொம்ப மேல தூக்கி இருந்தா மணிக்கட்டு மடங்கும், விரலோட நீளம் குறையும். லீவரை ஹேண்டில்பாரோட பிடிச்சிருக்கற கிளாம்ப் போல்ட்டை லேசா லூஸ் பண்ணி, கீழே இறக்கி, மறுபடி டைட் வைங்க. டிஸ்க் பிரேக் பக்கம்னா ஆயில் டப்பா ரொம்ப சாயாம பார்த்துக்கணும்.

3. லீவரை உள்பக்கமா தள்ளுங்க. கிணத்துல தண்ணி இறைக்கற ஏத்தம், பிசிக்ஸ்ல படிச்ச நெம்புகோல்... எல்லாம் ஒரே கதைதான். லீவரோட நுனியில பிடிச்சா பலம் கம்மியா போதும். இடம் இருந்தா க்ளட்ச் கிளாம்ப்பைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினா, உங்க விரல் நுனிப் பக்கம் வந்துடும். ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, எதுவும் டேங்க்ல இடிக்கலைன்னு செக் பண்ணிக்கங்க.

4. க்ளட்ச் ஒயரைக் கவனிங்க. லீவர் கல்லு மாதிரி இருக்கா? ஒயர் பிரி பிரியா போயிருக்கலாம், எங்கேயாவது மடங்கியிருக்கலாம். பழசை மாத்துங்க. லீவர் சுழல்ற போல்ட்ல கொஞ்சம் கிரீஸ் வைங்க. பலம் மிச்சம்.

5. ஃப்ரீ ப்ளே! இதுதான் மேட்டரே. லீவரைப் பிடிச்சதும் முதல்ல கொஞ்ச தூரம் சும்மா ஆடும் இல்லையா, அதுதான் ஃப்ரீ ப்ளே. பல கம்யூட்டர் பைக்குகள்ல லீவர் நுனியில 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கணும். உங்க பைக்குக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல போட்டிருக்கும். லீவர் பக்கம் இருக்கற அட்ஜஸ்டரை உள்ளே திருகினா இது கூடும், வெளியே திருகினா குறையும். கூடும்போது க்ளட்ச் 'பிடிக்கிற' இடம் க்ரிப்புக்குக் கிட்ட வந்துடும். அதாவது, விரல் மடங்கி பலமா இருக்கற இடத்துக்கு! சின்னக் கைக்கு இது வரம். ஆனா மேனுவல் சொல்ற எல்லையைத் தாண்டக் கூடாது. ரொம்ப லூஸ்னா க்ளட்ச் முழுசா விடாது, கியர் 'கடக் கடக்'னு கத்தும், நியூட்ரல் விழாது. ரொம்ப டைட்னா க்ளட்ச் வழுக்கி பிளேட் தீய்ஞ்சிடும்.

இவ்வளவு செஞ்சும் எட்டலையா? அப்போ அட்ஜஸ்டபிள் லீவர்தான் வழி. இதுல சின்னதா ஒரு சக்கரமோ திருகோ இருக்கும். லீவரை லேசா முன்னாடி தள்ளிப் பிடிச்சு அதைத் திருப்பினா, லீவர் க்ரிப் பக்கம் நெருங்கி வரும். 2017 கேடிஎம் 390 ட்யூக்ல இது கம்பெனியிலேயே வந்தது. நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸோட அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி-க்கு 2020-ல வந்தது. புது பைக் வாங்கப் போறீங்களா? மைலேஜ் கேட்கும்போதே, "லீவர் அட்ஜஸ்ட் ஆகுமா? ஸ்லிப்பர் க்ளட்ச் இருக்கா?"ன்னும் கேளுங்க. அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் க்ளட்ச் இருந்தா, பிடிக்கத் தேவையான பலம் நல்லாவே குறையும்.

ஐயய்யோ... இதெல்லாம் வேண்டாம்!

லீவரை வைஸ்ல மாட்டி, பைப் போட்டு வளைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, "வேணாம்ணே"ன்னு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அலுமினிய லீவர் வளைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். பிரேக் அடிக்கிற அன்னிக்குத்தான் கையோட வரும்!

'ஷார்ட்டி லீவர்' ஸ்டைலா இருக்குன்னு வாங்கி மாட்டாதீங்க. அது நீளத்துலதான் குட்டை. க்ரிப்புக்கும் லீவருக்கும் நடுவுல இருக்கற தூரம் அதனால மட்டும் குறையாது. குட்டையா இருக்கறதால பலம் இன்னும் அதிகமாத்தான் வேணும். பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க பாஸ்!

பொருந்தாத மலிவு பிரேக் லீவரும் ஆபத்து. அது மாஸ்டர் சிலிண்டரை எப்பவும் லேசா அமுக்கிக்கிட்டே இருந்தா, பிரேக் சூடாகி ஓடும்போதே வீல் இறுகிடும். மாட்டினதும் முன் வீலைத் தூக்கிச் சுத்திப் பாருங்க. ஃப்ரீயா சுத்தணும். பிரேக் லைட் எரியணும். லீவரை முழு பலத்தோட அமுக்கினாலும் அது க்ரிப்பையோ, க்ரிப்பைப் பிடிச்சிருக்கற மத்த விரல்களையோ தொடக் கூடாது. கிட்ட கொண்டு வர்றோம்னு ரொம்பக் கிட்ட கொண்டு வந்தா, பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடியே லீவர் விரல்ல இடிச்சு நின்னுடும். புது லீவரா இருந்தா, பிரேக் பக்க வேலையை மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. வாரன்டி இருக்கற வண்டின்னா சர்வீஸ் சென்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

லைசென்ஸ்ல ஒரு சிக்கல்!

ஸ்கூட்டர்லயே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினா, அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் செல்லும். நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல கியர் பைக்தான் இருக்குன்னா, மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்தான். 18 வயசு ஆகிடுச்சுன்னா எல்.எல்.ஆர். போடும்போதே கியர் வண்டியும் சேர்த்துப் போட்டுடுங்க. எட்டு போடறது பலத்துல இல்லை, ஹாஃப் க்ளட்ச்லதான் இருக்கு. மெதுவா வளையும்போது க்ளட்ச்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டரா விடணும். நகத்தால பிடிச்சுக்கிட்டு அது எப்படி முடியும்? பட்டுனு விட்டுடும், வண்டி ஆஃப் ஆகும், கால் ஊணிடும், ஃபெயில்! எத்தனை பேருக்கு 'ஓட்டத் தெரியலை'ன்னு முத்திரை விழுந்தது, உண்மையில 'லீவர் எட்டலை'ங்கறதாலதானோ?

லீவரைச் சரி பண்ணின முதல் நாளே ஹைவேயில ஏறிடாதீங்க. பிரேக்கும் க்ளட்ச்சும் இப்போ வேற இடத்துல பிடிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு காலி மைதானத்துல, ஹெல்மெட்டோட, ஃபர்ஸ்ட் கியர்லயே அரை மணி நேரம் கிளப்பி நிறுத்திப் பழகுங்க. கை புது இடத்தைத் தானா கத்துக்கும்.

அப்புறம், பஞ்சு மார்க்கெட் பக்கமோ, மடவார் வளாகம் பக்கமோ எந்தப் பட்டறைக்குப் போனாலும், "அண்ணே, க்ளட்ச் டைட்டா இருக்கு"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. "க்ளட்ச் கிட்ட வந்து பிடிக்கணும், லீவரைக் கொஞ்சம் இறக்கி உள்ள தள்ளி வைங்க, ஃப்ரீ ப்ளே மேனுவல்படி இருக்கட்டும்"னு சொல்லிப் பாருங்க. அண்ணன் ஒரு செகண்ட் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம் மறுபேச்சு பேசாம ஸ்பேனரை எடுப்பார்!