கல்லும் சாட்சி சொல்லும்

நூதனசாலை என்றதும், பழைய பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளுள் அடுக்கி வைத்திருக்கும் இடம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இயற்கை வரலாற்று நூதனசாலையோ ஒரு நீதிமன்றத்தைப் போன்றது. அங்கே எலும்பும் ஓடும் இலைத்தழும்பும் சாட்சிக் கூண்டில் நிற்கின்றன. அவற்றை விசாரித்து உண்மையைப் பெறுபவர்களே விஞ்ஞானிகள்.

கோடை விடுமுறையில், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மேற்குக் கனடாவைச் சுற்றிவரும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. படுக்கையும் அடுப்பும் வண்டியோடு வருவதால், விரும்பிய ஊரில் இரண்டு நாள் தங்கி ஆறுதலாகப் பார்க்கலாம். றொக்கி மலைகளைக் கண்டதோடு திரும்பிவிடாது, கல்கரி நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீற்றர் சென்றால் ட்றம்ஹெல்லர் என்னும் சிற்றூரை அடையலாம். அதன் அருகிலேதான் றோயல் ரிறெல் நூதனசாலை அமைந்துள்ளது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நிலையம், தொல்லுயிர்களை ஆராய்வதையே தன் முழுப் பணியாகக் கொண்டது.

எலும்பு கல்லாவது எங்ஙனம்?

இறந்த விலங்கின் உடல் பெரும்பாலும் அழுகி அழிந்துவிடும். அரிதாகச் சில உடல்கள் ஆற்று மணலிலோ சேற்றிலோ விரைந்து புதையுண்டு போகின்றன. காலப்போக்கில் நிலத்தடி நீரிற் கரைந்துள்ள கனிமங்கள் எலும்பின் நுண்ணிய துளைகளுள் புகுந்து இறுகுகின்றன. எலும்பின் வடிவம் மாறாதிருக்க, அது கல்லின் கனத்தைப் பெறுகின்றது. இதனையே உயிர்ச்சுவடு என்கின்றோம்.

ட்றம்ஹெல்லரைச் சூழ்ந்த பாறைப் படைகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள் பழைமை வாய்ந்தவை. இன்று வறண்டு கிடக்கும் அந்நிலம், அன்று உள்நாட்டுக் கடலொன்றின் கரையோரச் சதுப்பு நிலமாக இருந்தது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது உருகியோடிய வெள்ளம் பள்ளத்தாக்கை அகழ்ந்தது. பின்னர் மழையும் காற்றும் மென்மையான பாறைகளை அரித்து வருவதால், புதைந்த எலும்புகள் இன்றும் வெளியே தலைகாட்டுகின்றன.

கண்டவர்கள் யார்?

1884ஆம் ஆண்டு நிலக்கரிப் படைகளைத் தேடி இப்பள்ளத்தாக்கிற்கு வந்தவர், ஜோசப் ரிறெல் என்னும் 25 வயது நில ஆய்வாளர். அவர் கண்ணிற் பட்டதோ ஊனுண்ணும் டைனோசர் ஒன்றின் மண்டையோடு. 1905இல் அவ்விலங்கிற்கு அல்பேர்ட்டோசோரஸ் என்று பெயரிடப்பட்டது. நூதனசாலை ரிறெலின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1980இல் மீன் பிடிக்கச் சென்ற உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள், ஆற்றங்கரைப் பாறையிலே கரிய எலும்பொன்றைக் கண்டனர். அதன் பயனாகக் கிடைத்ததே 'கறுப்பழகி' எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் ரைரனோசோரஸ் றெக்ஸ். மங்கனீசு என்னும் கனிமம் ஊறியதனால் அதன் எலும்புகள் கருமை பெற்றன.

2011இல் அல்பேர்ட்டாவின் வடபகுதியில், எண்ணெய் மணற் சுரங்கமொன்றில் மண்வெட்டும் இயந்திரத்தை இயக்கிய தொழிலாளி, வழமைக்கு மாறான கல்லைக் கண்டு வேலையை நிறுத்தினார். அவர் நிறுத்தியிராவிட்டால் 11 கோடி ஆண்டுப் பொக்கிஷம் தூளாகியிருக்கும். கவசம் பூண்ட அத்தாவர உண்ணியின் தோலும் செதில்களும் உருக்குலையாமல் இருந்தன. அதனைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கத் தொழில்நுட்பவியலாளர் மார்க் மிச்சல் ஏறத்தாழ 7,000 மணி நேரம் உழைத்தார். 2017இல் அவ்விலங்கிற்கு இடப்பட்ட விஞ்ஞானப் பெயரில் அவருடைய பெயரும் சேர்ந்துள்ளது.

மாணவர், தொழிலாளி, இளம் ஆய்வாளர் ஆகிய இவர்கள் அனைவருக்கும் பொதுவான பண்பு ஒன்றே: கண்டதைக் கவனித்தார்கள், கவனித்ததை மறைக்காது உரியவரிடம் அறிவித்தார்கள்.

எப்படி அறிந்தார்கள்?

கடந்த கோடையில் எங்களுடன் வந்த மாணவி ஒருத்தி அக்கவச விலங்கின் முன் நின்று, "சேர், இது என்ன சாப்பிட்டது எண்டு இவைக்கு எப்பிடித் தெரியும்?" என்று வினவினாள். மிகச் சிறந்த வினா அது. அதன் வயிற்றில் எஞ்சியிருந்தவற்றை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2020இல் விடை கூறினர். அதன் கடைசி உணவு பெரும்பாலும் பன்னச் செடிகள். அவற்றோடு கரித்துண்டுகளும் இருந்தமையால், காட்டுத் தீயின் பின் மீண்டும் துளிர்த்த நிலத்திலே அது மேய்ந்ததென ஊகித்தனர். ஒரு பிடி கரி, ஒரு காட்டின் வரலாற்றையே சொல்லிவிட்டது!

இடம் அறியாத எலும்பு

அல்பேர்ட்டாவில் உயிர்ச்சுவடுகள் மாகாணத்தின் உடைமை. அனுமதியின்றி அகழ்வது குற்றமாகும். இதற்குத் தக்க காரணமுண்டு. எந்தப் பாறைப் படையில், எந்த நிலையில், எவற்றின் அருகில் ஓர் எலும்பு கிடந்தது என்ற குறிப்பே அதற்கு உயிர். அக்குறிப்பு தொலைந்தால் எலும்பு இருக்கும்; அதன் சாட்சி ஊமையாகிவிடும்.

இடம்பெயர்ந்து வந்த எமக்கு இது நன்கு விளங்கும். நம் வீட்டு அலுமாரிகளிலே பழைய புகைப்படங்கள் கிடக்கின்றன. படத்தில் நிற்பவர் யார், ஊர் எது, ஆண்டு எது என்று பின்புறத்தில் எழுதியுள்ளோமா? அவற்றை அறிந்த முதியவர் மறைந்தால், அப்படமும் இடம் அறியாத எலும்பாகிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணறு வெட்டுவோர் உடைத்தெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒரு சாட்சியே. மயோசீன் காலக் கடலடியிலே படிந்து உருவான கல் அது. சிப்பிகளின் சுவடுகள் அதனுள் உண்டு. அக்கல்லில் நடந்து வளர்ந்த பெற்றோர், அதனைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாமே.

மாணவர்களே, நூதனசாலைக்குச் செல்லும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். மூன்று பொருட்களைத் தெரிந்தெடுத்து, 'இது என்ன? எங்கே கிடைத்தது? எப்படி அறிந்தார்கள்?' என்று தமிழிலே எழுதுங்கள். வீடு திரும்பியதும் அம்மம்மாவின் பழைய படமொன்றை எடுத்து, அதே மூன்று வினாக்களை அவரிடமும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அன்றே எழுதிவையுங்கள்.