எண்பதைத் தாண்டினால் நடுங்கும் பழைய பென்ஸ்

2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்படும் வரை, எமது நாட்டில் ஒரு கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் விடாமல் ஓடுவதற்கு இடமே இருக்கவில்லை. காலி வீதியில் 50, 60இல் ஊர்ந்த வண்டிகளின் குறைகள் வெளியே தெரியாமலே கிடந்தன. இப்போது தெரிகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளுக்குக் கிராக்கி கூடியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தும், வரியைக் கேட்டுவிட்டு பழையதையே தேடுவோர் பலர். அவர்களில் நம்மவர்கள் விரும்பி வாங்கும் ஒன்று பென்ஸ் 124. 1984இன் இறுதியில் அறிமுகமான இந்த வண்டி பற்றி என்னிடம் டயர் வாங்க வருவோர் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "நானா, எண்பது வரைக்கும் பட்டு மாதிரிப் போகுது. அதுக்கு மேல ஸ்டியரிங் நடுங்குது."

இதற்குக் காரணம் சிறியதாக இருக்கலாம். 124க்குரிய 195/65 அளவு 15 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் ஓடும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு 14 தடவை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் பாரம் ஒரு பக்கம் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது சில்லை ஏறக்குறைய 3 கிலோ பலத்தோடு வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இந்த இழுவை காற்பங்காகிவிடும். ஆகவேதான் ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை.

கராஜுக்குப் போக முன்னர் நீங்களே சிலவற்றைக் கவனியுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கில் வந்தால் முன் சில்லுகளைச் சந்தேகிக்க வேண்டும். ஆசனத்திலும் தரையிலும் வந்தால் பின் சில்லுகளை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டயரை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓடிப் பாருங்கள். இன்ஜினின் சுற்று மாறியும் நடுக்கம் மாறவில்லையென்றால் இன்ஜினில் குறை இல்லை. நடுக்கம் என்பதைவிட ஒரு ரீங்காரம் போலத் தோன்றி, எக்சலேற்றரை மிதிக்கும்போது கூடினால் அது புரொப்பெலர் ஷாஃப்ட்டின் வேலை. ஷாஃப்ட் சில்லைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சுற்றுவது. இந்த வண்டியில் அதன் இரு முனையிலும் றப்பர் வட்டுகள் உண்டு, நடுவில் ஒரு பெயாரிங் உண்டு. முப்பது வருடத்தில் றப்பர் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சில்லுதான் என்று தெரிந்தால் முன் சில்லுகளை அதே பக்கத்துப் பின் சில்லுகளோடு மாற்றிப் பூட்டி ஓடிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து ஆசனத்துக்கு இடம் மாறினால் குற்றவாளி சில்லோடு பின்னால் போய்விட்டான். ஒரு சதமும் செலவில்லாத பரிசோதனை இது. ஆனால் எமது கராஜ்களில் எலைன்மன்ட்டில்தான் தொடங்குவார்கள். எலைன்மன்ட் பிழைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரம் தேயும். நடுக்கம் அதனால் வருவது அரிது.

பெலன்ஸ் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் டயரின் உடம்பைப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய சொகுசுக் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. பூ தேயாமல் புதிது போல இருக்கும் டயர் உள்ளே கிழடாகியிருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயரின் அடி தட்டையாகி, முதல் சில கிலோமீற்றர் நடுங்கி, சூடானதும் சரியாகிவிடுவது வேறு. அதற்குப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது, 30, 40 கிலோமீற்றரிலேயே வண்டி தத்தளிப்பதற்கும் டயரில் ஓர் இடம் புடைத்திருப்பதற்கும்தான். உள்ளேயுள்ள கம்பிப் படை பிரிகிறது என்று அர்த்தம். அந்த டயரோடு அதிவேகப் பாதையில் ஏறவே கூடாது. 100இல் அது கழன்றால் குடும்பத்தோடு எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது. இதை நான் விற்பனைக்காகச் சொல்வதாக நினைப்பவர்கள் வேறு கடையில் வாங்கட்டும், ஆனால் மாற்றிவிடட்டும்.

அடுத்தது ரிம். ஜக் அடித்து, ரிம்மின் ஓரத்துக்கு அருகில் ஒரு பென்சிலை அசையாமல் வைத்து சில்லைச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. குழியில் விழுந்து வளைந்த ரிம்முக்கு எத்தனை ஈயக் கட்டி அடித்தாலும் அது வட்டமாகாது.

ஒரு வாடிக்கையாளர் நான்கு புது டயர், ஸ்டியரிங் டாம்பர், கீழ் போல் ஜொயின்ட் எல்லாம் மாற்றிவிட்டு வந்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. அவருடைய வண்டியில் இருந்தது கம்பனி ரிம் அல்ல, அழகுக்காகப் போட்ட அலோய் ரிம். பென்ஸ் ஹப்பின் விட்டம் 66.6 மில்லிமீற்றர். அந்த ரிம்மின் நடுத்துவாரமோ 73.1. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாததால் சில்லு மையத்தில் உட்காரவில்லை. பெலன்ஸ் மெஷினில் எல்லாம் சரியாகக் காட்டும், ஏனெனில் மெஷின் அதை வேறு விதமாக மையப்படுத்திப் பிடிக்கிறது. நான்கு பிளாஸ்டிக் வளையங்களோடு விஷயம் முடிந்தது. அதற்கு முன் அவர் செலவழித்ததை நான் எழுதப் போவதில்லை, அவர் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாசிப்பார்கள்.

ரிம் மாற்றியவர்கள் போல்ட்டையும் பார்க்க வேண்டும். பென்ஸின் சொந்த போல்ட்டுக்குத் தலையடி உருண்டையாக இருக்கும், வெளி ரிம்கள் பலவற்றுக்குக் கூம்பாக வேண்டும். இரும்பு ரிம்முக்கும் அலோய்க்கும் நீளமும் வேறு. காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்க விடாமல், குறுக்கு மறுக்காக 110 நியூட்டன் மீற்றருக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு மீண்டும் ஒரு தடவை.